டர்ன்ட் டவுன், மேடம்

அப்பாவுக்கு ‘டர்ன் டவுன்’ என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு நான்கு அர்த்தம் தெரியும். நான்கையும் கொடைக்கானலில் ஒரே வீட்டுக்குள் காதால் கேட்டே கற்றுக்கொண்டார். ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த ஐந்தாவதில்தான் என் படிப்பு போயிற்று.

இப்போது என் மேசைமேல் தடியாக ஒரு அகராதி இருக்கிறது. அதில் அந்த ஐந்தாவதைத்தான் முதலில் போட்டிருக்கிறான். மறுத்தல், வேண்டாம் என்று தள்ளுதல். அப்பாவுக்குத் தெரிந்த நான்கும் அதற்குக் கீழே வரிசையாகக் கிடக்கின்றன. எஜமானர்களின் அர்த்தம் மேலே, வேலைக்காரர்களின் அர்த்தம் கீழே. அகராதி எழுதினவனும் ஏதாவது பங்களா வராந்தாவில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பான்.

அப்பா கன்னிவாடிப் பக்கத்து ஆள். பிழைப்புத் தேடி மலை ஏறியவர். ஏரிக்கு மேலே, தைலமரத் தோப்பை ஒட்டி, ஒரு துரைசாணி நடத்தி வந்த போர்டிங் ஹவுஸில் ரூம் பேரராக, அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரராக இருந்தார். பன்னிரண்டு அறைகள். நான் சொல்வது ஐம்பதுகளின் பின்பாதி. வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அந்த கேட்டுக்குள் மட்டும் அவன் போகவில்லை. ஓய்வு பெற்ற கர்னல்கள், மிஷன்காரர்கள், தேயிலைத் தோட்டத்து துரைகள் என்று சீசனுக்குச் சீசன் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் அப்பா ‘பாய்’தான், பையன்தான். நாற்பத்தைந்து வயது பாய்.

துரைசாணி புருஷனை இழந்தவள். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். ஊதா மையில்தான் எழுதுவாள். அவளைக் கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவளாக இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நல்லது. உஷாராக இருந்திருப்போம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்தனுப்புவாள். கிறிஸ்துமஸுக்கு கேக் வரும். எனக்குப் பழைய ஸ்வெட்டர் வரும், முழங்கையில் ஓட்டை தைத்து. ஓட்டையைத் தைத்துக் கொடுக்கிறாளே என்று அம்மா உருகிப் போவாள்.

அப்பாவின் நான்கு அர்த்தங்களைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் விருந்தாளிகள் சாப்பாட்டு ஹாலுக்குப் போனதும் அவர் அறை அறையாக நுழைவார். கட்டிலின் மேல்விரிப்பை எடுத்து மடித்து வைப்பார். கம்பளியையும் மேல்துப்பட்டியையும் ஒரு மூலையில் பிடித்து முக்கோணமாகத் திருப்பி மடிப்பார், படுக்க வருகிறவர் காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரி. கால்மாட்டில் வெந்நீர்ப் பை. இது முதல் டர்ன் டவுன். கரண்ட் போனால் மண்ணெண்ணெய் விளக்கு. அதன் திரியை இறக்குவது இரண்டாவது. கர்னலின் ரேடியோ அலறினால் சத்தத்தைக் குறைப்பது மூன்றாவது. சர்ச்சைத் தாண்டி டாக்சியைக் கீழ்ப்பாதையில் திருப்பச் சொல்வது நாலாவது. நான்கும் கட்டளைகள்தான். ஆனாலும் நான்கிலும் ஒரு இதம் இருந்தது. வெளிச்சம் தணியும், சத்தம் தணியும், குளிரில் வந்தவனுக்குப் படுக்கை தயாராக இருக்கும். அந்த வார்த்தை கடிக்கும் என்று அவர் எப்படி நினைப்பார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. அந்த வீட்டில் அறைக்குப் பதில் ஆளைச் சொல்லிப் பேசுவது வழக்கம். “ஹாஸ் த கர்னல் பீன் டர்ன்ட் டவுன்?” என்று துரைசாணி கேட்பாள். கர்னலுக்குப் படுக்கை மடித்தாயிற்றா என்று அர்த்தம். “கர்னல் டர்ன்ட் டவுன், மேடம். டாக்டர் டர்ன்ட் டவுன், மேடம். டூ மிஸ்ஸிஸ் டர்ன்ட் டவுன், மேடம்” என்று அப்பா ஒப்பிப்பார். பதினாறு வருஷமாகத் தினம் தினம் இப்படித்தான்.

பஜாருக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட எங்கள் வீட்டிலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. எங்களுக்குப் படுக்கை என்றால் கோரைப்பாயும் ஆளுக்கொரு கம்பளியும். வேலை விட்டு வந்ததும் என் கம்பளியின் மூலையை முக்கோணமாக மடித்து விட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று, “மிஸ்ஸி டர்ன்ட் டவுன், மேடம்” என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா அடுப்பங்கரையில் இருந்து, “அங்க வேல பாத்தது பத்தாதா? இங்கயும் என்ன கூத்து?” என்பாள். எனக்கு அந்த முக்கோணத்தைக் கலைக்காமல் உள்ளே நுழைவது ஒரு வித்தை. பதினைந்து வயது வரை அப்படித்தான் தூங்கினேன்.

பதினைந்து வயதில் எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை தேறினேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களில் நான்தான் முதல். அந்தக் காலத்தில் எட்டு முடித்தால் டீச்சர் டிரெயினிங் போகலாம். கீழே சமவெளியில் ஒரு மிஷன் பயிற்சிப் பள்ளி இருந்தது. ஊர்ப் பெயர் எதற்கு? இரண்டு வருஷம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். முடித்தால் எங்காவது ஒரு ஊரில் உத்தியோகம் நிச்சயம். எனக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் லட்சியம் எல்லாம் கிடையாது, பொய் சொல்வானேன். எனக்கு ஒரு நாற்காலி வேண்டும். எங்கள் வம்சத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் ஒருவரும் இல்லை. அப்பா பகல் முழுக்க நின்றார், அம்மா நாலு வீட்டில் குனிந்து துணி துவைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிக்க, எதிரே நாற்பது பிள்ளைகள் “உள்ளேன் டீச்சர்” என்று சொல்ல வேண்டும். அதைத்தான் நினைத்து நினைத்துப் படித்தேன்.

விண்ணப்பத்தோடு மரியாதைக்குரிய ஒருவரின் கடிதம் வேண்டும் என்று போட்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்த மரியாதை துரைசாணிதான். அந்தப் பயிற்சிப் பள்ளியை நடத்திய மிஷன் அம்மாள் அவளுக்குப் பழக்கமானவள் வேறு. சீசனில் வந்து தங்கிப் போகிறவள். அப்பா கேட்டதும் துரைசாணி மறு பேச்சு இல்லாமல் எழுதிக் கொடுத்தாள். ஒட்டிய உறை. பதிலும் அவள் விலாசத்துக்கே வரும்படி விண்ணப்பத்தில் போட்டோம். விண்ணப்பத்தையும் அதையும் சேர்த்து அப்பாவே தபாலாபீசுக்குக் கொண்டு போனார். அன்றைக்கு மேகம் இறங்கி ரோடே தெரியவில்லை. உறை நனைந்துவிடக் கூடாது என்று கோட்டுக்குள், பனியனுக்குள் வைத்துக்கொண்டு போனார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் அப்பா வழக்கத்துக்கு முன்னாலேயே வந்தார். மேட்டில் ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“ஆத்தா, ஒனக்குப் படுக்கை மடிச்சு வச்சுட்டாக!” என்றார்.

நான் ஒன்றும் புரியாமல் பார்த்தேன். அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“டீ கொண்டு போனேன். துரைசாணி கையில ஒரு கடுதாசி. என்னையப் பாத்து, ‘யுவர் கேர்ல் ஹாஸ் பீன் டர்ன்ட் டவுன்’னாக. ரெண்டு வாட்டி சொன்னாக. நான் ‘தேங்க் யூ மேடம், வெரி குட் மேடம்’னேன்.”

“எடம் கெடச்சுருச்சுன்னு சொன்னாகளா?” என்றாள் அம்மா.

“அடி கிறுக்கி, எடம் இல்லாமயா படுக்கை மடிப்பாக? ஆஸ்டல்ல கட்டிலு போட்டு, மெத்தையப் போட்டு, இவளுக்குன்னு மடிச்சு வச்சுட்டாக. இனி போய்ப் படுக்க வேண்டியதுதான்.”

“துரைசாணி வேற ஒண்ணும் சொல்லலையாப்பா?” என்று கேட்டேன்.

“மொகம் கொஞ்சம் வாட்டமா இருந்துச்சு. ‘ஐ ஆம் சாரி’ன்னும் சொன்னாக. ஒன்னையப் பிரியணும்ல, அதான்.”

அவள் பக்கம் என்ன நினைத்திருப்பாள் என்று நான் பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன். ‘உன் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்’ என்கிறாள். எதிரே டிரேயோடு நிற்கிறவன் முகம் மலர்ந்து, ‘தேங்க் யூ மேடம், வெரி குட் மேடம்’ என்கிறான். ஒரு மனுஷி சந்தேகப்பட வேண்டாமா? அவள் சந்தேகப்படவில்லை. வேலைக்காரன் எதற்கும் தேங்க் யூ சொல்வான் என்பது அவளுக்குப் பழகிப் போயிருந்தது. எதைச் சொன்னாலும் தேங்க் யூ சொல்லப் பழக்கியதும் அவள்தானே.

எனக்குச் சந்தேகம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘டர்ன்’ தனியாகத் தெரியும், ‘டவுன்’ தனியாகத் தெரியும். திரும்பு, கீழே. இரண்டும் ஒட்டிக்கொண்டால் மூன்றாவதாக ஒன்று பிறக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளைக்காரி வாயிலிருந்து நேராகக் கேட்ட அப்பாவைவிட எனக்கா தெரியப்போகிறது?

தேர்வானவர்கள் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் வர வேண்டும் என்றும், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்றும் விண்ணப்பத்தோடு வந்த தாளில் அச்சடித்திருந்தது. அதை அப்பா மனப்பாடமே செய்துவிட்டார். டிரங்குப் பெட்டி வந்தது. பச்சை நிறம். அதன் மூடிமேல் வெள்ளை பெயிண்டில் என் பெயரை இங்கிலீஷில் எழுதச் சொல்லி, பெயின்டர் பக்கத்திலேயே நின்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். பஜாரில் ராவுத்தர் கடையில் புதுக் கம்பளி எடுத்தோம். எதற்கு என்று அவர் கேட்டார். “எம் மக டீச்சருக்குப் படிக்கப் போகுது பாய்” என்று அப்பா கடைக்கு வெளியே கேட்கிற மாதிரி சொன்னார். எங்கள் வரிசையில் எட்டு வீடு. எட்டு வீட்டிலும் எனக்குத் திருநீறு பூசி விட்டார்கள்.

அப்பா துரைசாணியிடம் இரண்டு நாள் லீவு கேட்டார். பெண்ணைக் கூட்டிக்கொண்டு கீழே போகிறேன் என்றாராம். “பாவம், போய் வரட்டும். அவளுக்கும் ஒரு மாறுதல் வேண்டும்தான்” என்று அவள் சொன்னாளாம். அவள் அதை ஆறுதலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாக எடுத்துக்கொண்டாள். அப்பா அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்.

வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தேன். வத்தலக்குண்டில் இறங்கி அடுத்த பஸ். பயிற்சிப் பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் இருபது, இருபத்தைந்து பெண்கள், அவரவர் பெட்டி, அவரவர் அப்பாவோடு நின்றார்கள். அப்பா துரைசாணி கொடுத்த பழைய கோட்டைப் போட்டிருந்தார். சமவெளி வெயிலில் கோட்டு போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். ஆபீஸில் ஒரு தமிழம்மா, மூக்குக் கண்ணாடி போட்டவர், ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு டிக் அடித்தார். எல்லாப் பெயரும் தீர்ந்தது. மரத்தடியும் காலியாயிற்று. நாங்கள் இருவரும் நின்றோம்.

“நீங்க யாரு?” என்றார் அந்தம்மா.

அப்பா என் பெயரைச் சொன்னார். அவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார், பிறகு இன்னொரு தாளை எடுத்துப் பார்த்தார்.

“இந்தப் பொண்ணு லிஸ்ட்ல இல்லையே. பதில் போட்டுட்டோமே?”

“வந்துச்சுங்கம்மா, பதில் வந்துச்சு. எங்க மேடம் சொன்னாக” என்றார் அப்பா. பிறகு நிமிர்ந்து, இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “மை கேர்ல் டர்ன்ட் டவுன், மேடம்.”

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். “ஆமா. டர்ன்ட் டவுன்தான்.”

“எஸ் மேடம். டர்ன்ட் டவுன், மேடம்” என்றார் அப்பா. முகம் எல்லாம் சிரிப்பு. ஒருவழியாக ஒத்துக்கொண்டார்களே என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெட்டியைக்கூடத் தூக்கிவிட்டார்.

பக்கத்து மேசையில் இருந்த கிளார்க் முதலில் சிரித்தான். அப்புறம் வாசலில் மகளை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் இங்கிலீஷ் தெரிந்திருந்தது போலிருக்கிறது. அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. “ஐயா, அப்படின்னா வேண்டாம்னு தள்ளிட்டாங்கன்னு அர்த்தம். இடம் இல்லைன்னு அர்த்தம்” என்று மெதுவாகச் சொன்னார்.

அப்பா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. தலையில் வைப்பதற்காக இடுப்பு வரை தூக்கியது அப்படியே இருந்தது. “படுக்கை?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்று கேட்காதீர்கள். அந்த நிமிஷத்தில் அப்பாமேல்தான். கோட்டும் இங்கிலீஷும்! நான் மேசையருகில் போய், “நான் எங்க ஸ்கூல்ல ஃபர்ஸ்ட்டும்மா. ஏன் தள்ளினாங்க?” என்று கேட்டேன். அந்தம்மா ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். அதற்குள் உள்ளே யாரோ கூப்பிட, பிரித்தபடியே வைத்துவிட்டுப் போனார். மேலாக இருந்தது ஊதா மையில் எழுதிய கடிதம். அப்பா பனியனுக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுபோன கடிதம். ஒரு எழுத்துகூட நனைந்து கலையவில்லை.

எனக்கு மெதுவாகத்தான் படிக்க வரும். ஆனால் அதில் கஷ்டமான வார்த்தையே இல்லை. பெண் சுத்தமானவள், அடக்கமானவள். அவள் தகப்பன் எனக்கு வலது கை. அவளுக்குப் படிப்பில் ஆசைதான். ஆனால் அவள் நிலைக்கு மீறிய ஆசையை வளர்த்துவிடுவது அவளுக்கு நல்லதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. துணிமணி வேலைக்கு நன்றாகப் பழகுவாள், நானே அவளை வைத்துக்கொள்ள எண்ணியிருக்கிறேன். ஆகையால் உங்களுக்கு இட நெருக்கடி இருந்தால் இவளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முடிவில் தோட்டத்து ரோஜாவைப் பற்றி இரண்டு வரி.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இந்த வேலி மேய்ந்ததோடு நிற்கவில்லை, ரோஜா பூத்திருக்கிறது என்றும் எழுதியிருந்தது.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகிற வண்டிக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பெட்டிமேல் அப்பா, பக்கத்தில் தரையில் நான். சுற்றி வெற்றிலைக் கட்டுகள். அப்பா கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அதை நீவிக்கொண்டே கேட்டார்.

“அந்த மேசையில கெடந்த கடுதாசி நம்ம துரைசாணி எழுதுனதுதான? என்ன எழுதியிருந்தாக?”

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவில், உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை அவரை ஒரு ஆபீஸுக்கு முன்னால் கோமாளி ஆக்கியிருந்தது. பதினாறு வருஷத்து இங்கிலீஷ் போயிருந்தது. துரைசாணியையும் அன்றைக்கே அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

“நல்லவிதமாத்தான்ப்பா எழுதியிருக்காக. எடம்தான் இல்லையாம்” என்றேன்.

“அதான பாத்தேன்” என்றார் அப்பா. “அவுக நல்லவுக. நமக்குத்தான் கொடுப்பினை இல்ல.”

எட்டு வீட்டுக்கும் என்ன சொன்னோம் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. அடுத்த திங்கட்கிழமை துரைசாணி அப்பாவிடம், “விடுமுறை நன்றாகப் போனதா?” என்று கேட்டாள். “எஸ் மேடம், தேங்க் யூ மேடம்” என்றார். “உன் பெண் சும்மாதானே இருக்கிறாள், துணி அறைக்கு அனுப்பேன்” என்றாள். அதற்கும் தேங்க் யூதான். மறு வருஷம் மறுபடி விண்ணப்பம் போடலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். மறுபடியும் மரியாதைக்குரிய ஒருவரின் கடிதம் வேண்டுமே. எங்களுக்கு மரியாதை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். ‘இம்புட்டுதானா ஒன் ஆசை?’ என்று அம்மா திட்டினாள்.

அப்படியாக நான் துரைசாணியின் துணி அறைக்குப் போனேன். துப்பட்டி எண்ணுவது, கிழிசல் தைப்பது, இஸ்திரி போடுவது. சீசனில் அப்பாவுக்குக் கை போதாதபோது ஆறு அறைகளுக்கு நானே படுக்கை மடித்தேன். முக்கோணம் அப்பாவைவிட எனக்குக் கச்சிதமாக வரும் என்று துரைசாணியே சொல்லியிருக்கிறாள். பயிற்சிப் பள்ளியை நடத்திய மிஷன் அம்மாள் சீசனுக்கு வந்து ஏழாம் நம்பர் அறையில் தங்கினாள். அவளுக்கும் நான்தான் மடித்தேன். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

அப்பா அந்த வார்த்தையை விட்டுவிட்டார். “கர்னல் ரெடி, மேடம். டாக்டர் ரெடி, மேடம்” என்று மாற்றிக்கொண்டார். ஏன் என்று துரைசாணி கேட்கவில்லை, கவனித்திருக்கவே மாட்டாள். வீட்டிலும் என் கம்பளியின் மூலையை மடிப்பதை நிறுத்திவிட்டார். ராவுத்தர் கடையில் எடுத்த புதுக் கம்பளி பச்சைப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. யாரும் அதைப் போர்த்திக்கொள்ளவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவர்மேல் தப்பில்லை. ஒரு வார்த்தையின் அர்த்தம் தெரிய வேண்டுமானால் அந்தக் காரியத்தை ஒரு தடவையாவது செய்திருக்க வேண்டும். படுக்கை மடித்தார், திரி இறக்கினார், ரேடியோவைத் தணித்தார், டாக்சியைத் திருப்பினார். வேண்டாம் என்று மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆறின டீயைக்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அது அவருக்கு எப்படித் தெரியும்?

அறுபதுகளின் நடுவில் துரைசாணி போர்டிங் ஹவுஸை மதுரைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினாள். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. துணி அறைக்கு வந்து ஒன்பது வருஷம். வராந்தாவில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஆளுக்கொன்று கொடுத்தாள். அப்பாவுக்கு ஊதா மையில் ஒரு நற்சான்றிதழும், அவள் கட்டிலில் கிடந்த இறகு அடைத்த மெத்தைப் போர்வையும். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். குன்னூரில் தன் சிநேகிதி வீட்டில் எனக்கு ஆயா வேலைக்கு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னாள். நல்ல வீடு, தனி அறை, தன் கடிதம் ஏற்கெனவே போய்விட்டது என்றாள். கடிதம் என்றதும் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

“நோ, மேடம்” என்றேன்.

துரைசாணி புரியாமல் என்னைப் பார்த்தாள். அப்பா போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக முன்னால் வந்தார்.

“சாரி மேடம்” என்றார். “ஷீ நோ அண்டர்ஸ்டாண்ட் இங்கிலீஷ், மேடம்.”

துரைசாணி சிரித்தாள். காது கேளாதவளுக்குச் சொல்வது போல் நிறுத்தி நிறுத்தி, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். நானும் மறுபடி ‘நோ’ என்றேன். அதற்கு அகராதியில் இரண்டாவது அர்த்தம் கிடையாது, அப்பாவுக்கும் விளங்கிவிட்டது. அவர் தலை குனிந்து நின்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் எனக்கு முன்னால் நடந்தார். போர்வை பெரிது, ஒரு முனை தரையில் புரண்டது. நான் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார்.

“உப்பிட்டவுகள உள்ளளவும் நெனைக்கணும்பாக. ஒன்னைய டீச்சராக்க அவுக எம்புட்டுப் பாடுபட்டாக. தன் கைப்பட எழுதிக் குடுத்தாக. அவுக மொகத்துக்கு நேரா வேணாம்ங்கிறியே, நீயெல்லாம் ஒரு புள்ளையா?” என்றார்.

ஒன்பது வருஷமாக அடக்கி வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அந்தப் போர்வையைச் சேற்றில் படாமல் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். அன்றைக்குக் கடிதத்தைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு போன அதே ஜாக்கிரதை. சொல்லாமல் விழுங்கினேன்.

அந்தப் போர்வையோடுதான் அப்பா பின்னால் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அதைத் தொட்டுக் காட்டி, எங்க துரைசாணி குடுத்தது, தங்கமான மனுசி என்பார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, “இதுதான் நன்றி கெட்டது” என்பார்.